கெப்போங் நண்பனுக்கு: உங்கள் கால்வாயைப் பற்றி

பிறை, பினாங்கு

அன்புள்ள தனபாலனுக்கு,

வணக்கம். உன் கடிதம் சென்ற வாரமே கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து, பழையபடி காலை நடை தொடங்கிவிட்டாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். அந்த நடையின்போதுதான் உங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, பின்னால் உள்ள பட்டறை வரிசையின் கால்வாயைப் பார்த்துவிட்டுக் கொதித்துப் போயிருக்கிறாய் என்பதும் தெரிகிறது. பட்டறைகள் அந்தக் கால்வாயில் கழிவுநீர் விடுவதைப் பற்றி யாரிடம், எப்படிப் புகார் செய்வது என்று நீ கேட்டது ஒரு கேள்விதான் என்றாலும் பதில் சற்று நீளும், பொறுத்துக்கொள்.

அந்தப் பட்டறைகளின் கழிவுநீர் உரிமத்தைச் சுற்றுச்சூழல் துறையிடம் கேட்டு வாங்கப் போவதாக எழுதியிருந்தாய். அப்படி ஒரு தாள் அநேகமாக இருக்காது. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி உரிமம் எடுக்க வேண்டியவை செம்பனை எண்ணெய் ஆலை, ரப்பர் ஆலை, அட்டவணைக் கழிவுகளை (சட்டம் பட்டியலிட்டிருக்கும் அபாயக் கழிவுகளை) கையாளும் நிலையம் ஆகியவையே. மற்றத் தொழிற்சாலைகள் 2009ஆம் ஆண்டு விதிகள் சொல்லும் அளவுக்குள் நீரை வெளியேற்றி, தாங்களே சோதித்து, தாங்களே அறிக்கை அனுப்ப வேண்டும். குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேல்பக்கம் உள்ள ஆலைக்கு ஏ தரம், மற்ற இடங்களுக்கு பி தரம். எடுத்துக்காட்டாக, நீரில் கலங்கி நிற்கும் திடப்பொருள் லிட்டருக்கு ஏ தரத்தில் 50 மில்லிகிராமும் பி தரத்தில் 100 மில்லிகிராமும் இருக்கலாம். நாளொன்றுக்கு 60 கன மீட்டருக்கும் குறைவாக வெளியேற்றும் சிறு தொழில்கள் பலவற்றுக்கு, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, இந்த விதிகளே பொருந்துவதில்லை. உங்கள் கார் கழுவும் கடையும் பட்டறைகளும் நழுவிப் போவது இந்த வழியாகத்தான்.

ஆகவே நீ முதலில் தட்ட வேண்டிய கதவு கோலாலம்பூர் மாநகராட்சியின் உரிமப் பிரிவு. மாநகராட்சிகளுக்கும் பொருந்தும் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 107ஆம் பிரிவைப் படித்துப் பார். ஊராட்சி மன்றம் கொடுக்கும் எந்தத் தொழில் உரிமத்துக்கும் தான் விரும்பும் நிபந்தனையைச் சேர்க்கலாம், காரணம் எதுவும் சொல்லாமலேயே எந்த நேரத்திலும் அதைத் திரும்பப் பெறலாம் என்று அது சொல்கிறது. இவ்வளவு அதிகாரம் சுற்றுச்சூழல் துறைக்குக்கூட இல்லை என்பேன். அவர்கள் நீதிமன்றத்தில் குற்றத்தை நிறுவியாக வேண்டும். 2024இல் அபராதத்தின் உச்சவரம்பு சில குற்றங்களுக்கு 1 கோடி ரிங்கிட் வரை உயர்த்தப்பட்டது நல்ல செய்திதான். ஆனால் ஒரு சிறு பட்டறைக்காரர் அஞ்சுவது அந்தக் கோடிக்கு அல்ல, அடுத்த ஆண்டு உரிமம் புதுப்பிக்கப்படாமல் போகுமோ என்பதற்குத்தான்.

நான் ஓய்வுபெறும்வரை இங்குள்ள ஓர் ஆலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பகுதியில் இருந்தவன் என்பதால், மாதிரி எடுப்பதைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மாதாந்தர மாதிரி எந்த நாளில் எடுக்கப்படும் என்பது எங்களுக்கு முன்பே தெரியும். அன்று காலையில் உற்பத்தி மெதுவாக ஓடும், சேமிப்புத் தொட்டி பாதிதான் நிரம்பியிருக்கும், வேதிப்பொருள் தாராளமாக விழும். கடைசிக் குழாய் வழியாக வரும் நீரைப் பார்த்தால் குடிக்கலாம் போலிருக்கும். அந்த எண்களில் பொய் இல்லை. ஆனால் மழை கொட்டும் நள்ளிரவில் அதே குழாயில் என்ன ஓடுகிறது என்பதை அந்த அறிக்கை சொல்லாது. அதைக் காணக்கூடியவர்கள் குப்பை லோரி ஓட்டுநரும், கால்வாய் தூர்வாரும் தொழிலாளியும், உன்னைப் போல விடிவதற்கு முன் நடப்பவர்களும்தான். அவர்களில் முதல் இருவர் மாநகராட்சியின் ஆட்களாகவோ அதன் குத்தகையாளரின் ஆட்களாகவோ இருப்பார்கள். அவர்கள் கண்ணில் பட்டதை எழுதி வைக்க ஒரு படிவம்கூட இல்லாத மன்றம் கண்காணிப்பைப் பற்றிப் பேசுவது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

நீயே ஒரு புட்டியில் நீரைப் பிடித்துக்கொண்டு போகாதே. அதிகாரி முன்னிலையில் எடுத்து, முத்திரையிட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, கைமாறும் ஒவ்வொரு முறையும் கையொப்பம் பெற்று அரசின் இரசாயனத் துறைக்குச் சோதனைக்காகப் போகும் மாதிரிதான் வழக்கில் நிற்கும். உன்னால் முடிந்தது நேரம் குறித்த படங்கள். நிறம் மாறிய நீர் எந்தக் குழாயின் வாயிலிருந்து வருகிறது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். பழைய இயந்திர எண்ணெய் அட்டவணைக் கழிவு என்பதையும் நினைவில் வை. அதை 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ வைத்திருக்கக் கூடாது என்பது 2005ஆம் ஆண்டு விதி. கால்வாயில் ஊற்றுவதை எந்த விதியும் அனுமதிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் இதற்கு நெடிய வரலாறு உண்டு. பிறைத் தொழிற்பேட்டையின் கழிவு ஜூரு ஆற்றில் கலந்து கோல ஜூரு மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்ததை 1970களில் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம்தான் ஊரறியச் செய்தது. இன்னொரு சிக்கலும் உண்டு. குப்பைப் பொறுப்பை மத்திய அரசுக்கு மாற்றும் 2007ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டத்தைப் பினாங்கு ஏற்கவில்லை. ஆகவே குப்பைப் பொறுப்பு எங்கள் மாநகர் மன்றங்களிடமே இருக்கிறது. 2022 ஜனவரியில் புலாவ் பூருங் குப்பைக் கிடங்கு தீப்பற்றி வாரக்கணக்கில் புகைந்தபோது, அந்த வட்டாரத்து மக்கள் பட்ட பாடு உனக்கும் நினைவிருக்கும். கிடங்கின் குப்பையிலிருந்து வடியும் கசிநீருக்கும் 2009ஆம் ஆண்டிலேயே தனி விதிகள் வந்துவிட்டன. அடுத்தவன் குழாயைச் சோதிக்க வேண்டிய மன்றமே கழிவைக் கொட்டும் தரப்பாகவும் இருந்தால், அந்தக் கசிநீரின் சோதனை முடிவுகளை மாதந்தோறும் பொதுமக்கள் முன் வைப்பதே நியாயம். எங்களுக்கு மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றிய தகவல் பெறும் சட்டம் இருக்கிறது, மன்றக் கூட்டத்துக்குப் போய் உட்காரவும் சட்டம் இடம் தருகிறது. உங்கள் கோலாலம்பூரிலோ மன்ற உறுப்பினர்களே கிடையாது, மேயரும் ஆலோசனை வாரியமும்தான். ஆகவே உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்தை விடாமல் பிடித்துக்கொள்.

சுற்றுச்சூழல் துறை, மாநகராட்சி என்ற இரண்டு அலுவலகமும் ஒன்றையொன்று கைகாட்டும், அதற்கு இப்போதே தயாராக இரு. 2020 செப்டம்பரில் ரவாங் கோங் ஆற்றில் கழிவு கலந்து, கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 12 லட்சம் குடிநீர்க் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்ற பிறகுகூட யார் கவனித்திருக்க வேண்டும் என்ற வாதம் பல நாள் நடந்தது. எனவே புகாரை ஒரே கடிதமாக எழுதி இரு தரப்புக்கும் அனுப்பு, மற்றவருக்கும் நகல் போயிருக்கிறது என்பது இருவருக்கும் தெரியட்டும். பட்டறைகளின் முகவரியையும் கடைப்பலகையில் உள்ள உரிம எண்ணையும் குறித்து எனக்கு அனுப்பு. கடிதத்தின் வரைவை நான் மலாயில் எழுதித் தருகிறேன், உன் மகள் சரிபார்க்கட்டும்.

அன்புடன்,
இரத்தினம்