கப்பல் சமையற்கட்டு கடலூருக்கு வந்து சேர்ந்தது, கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

உடைத்த கப்பல்களிலிருந்து வாங்கி வந்த சாமான்களோடு, தேவனாம்பட்டினத்தில் எங்கள் மகளிர் குழுவின் பொதுச் சமையற்கூடத்தில் அடுப்பு பற்றவைத்தாச்சு. 2011-ல் தானே, 2024-ல் ஃபெஞ்சல் என்று ஒவ்வொரு புயலுக்கும் செங்கல் அடுக்கி நனைந்த விறகை ஊதி ஊதிச் சமைத்தவர்களுக்கு இது என்னவென்று தெரியும்.

முதல் நன்றி புதுச்சேரியில் இருக்கும் ஓய்வுபெற்ற மரைன் இன்ஜினியர் ஐயாவுக்கு. புது ஸ்டீல் சாமான் விலையைக் கேட்டு நாங்கள் சோர்ந்து உட்கார்ந்திருந்தபோது, "குஜராத் அலங்குக்குப் போய்ப் பாருங்கம்மா" என்றது அவர்தான். 1983-லிருந்து கப்பல் உடைக்கிற ஊர் அது. நம் கரையில் கடல் ஒரு மீட்டர் ஏறி இறங்கினாலே அதிகம், அங்கே பத்து மீட்டர் வரை ஏறுமாம். அந்த ஏற்றத்தில் கப்பலை நேரே கரைமேல் ஓட்டிவிடுவார்கள், தண்ணீர் வற்றியதும் சேற்றில் உட்கார்ந்துவிடும், அப்புறம் வெட்டு. உள்ளே இருந்த கட்டில், தட்டு, லைஃப் ஜாக்கெட் எல்லாம் திராபஜ் போகிற சாலையோரக் கடைகளில் விற்பனைக்கு வரும். கப்பல் கரண்ட் பெரும்பாலும் 440 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், நம் லைனுக்கு ஒத்துவராது, மின் அடுப்பைத் தொடாதீர்கள், பழைய உறை சுற்றிய எதையும் வாங்காதீர்கள், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்று போனிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த எச்சரிக்கை இல்லாவிட்டால் காசையும் உடம்பையும் கெடுத்துக்கொண்டிருப்போம்.

அங்கே பாஷை தெரியாமல் நின்ற எங்களுக்குத் துணை வந்தவர் ஒடிசா கஞ்சம் மாவட்டத்துத் தம்பி ஒருவர். கேஸ் கட்டர் வேலை. முன்பு சென்னையில் கட்டட வேலை பார்த்ததால் கொஞ்சம் தமிழ் பேசினார். முழங்கை வரை தீப்பொறி சுட்ட கறுப்புப் புள்ளிகள். விடுமுறை நாளை எங்களுக்காகச் செலவழித்து, கடை கடையாகக் கூட்டிப்போய் விலை பேசி முடித்துவிட்டு, காசு கொடுத்தால் "வேணாம் அக்கா" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். தம்பி, உங்களை நாங்கள் மறக்க மாட்டோம்.

அவர் தேர்ந்தெடுத்த மேசையில்தான் இப்போது மீன் ஆய்கிறோம். கப்பல் ஆடும்போது பாத்திரம் சரியாமலிருக்க நாலு பக்கமும் விளிம்பு தூக்கியிருக்கிறது, அதனால் கழுவுகிற தண்ணீர் ஒரு சொட்டுகூடக் காலில் வழியாது.

ஒரு கீறல் விழாமல் கொண்டுவந்த நாமக்கல் லாரி டிரைவர் அண்ணனுக்கும், நள்ளிரவில் இறக்கிக்கொடுத்த நம் தெருப் பிள்ளைகளுக்கும், கேஸ் லைன் போட்டுத் தந்த சிப்காட் ஃபிட்டருக்கும் நன்றி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரும்புத் தகடு விழுந்தும் தொட்டியில் தங்கிய வாயு வெடித்தும் உயிர் போகிற தொழில் கப்பல் உடைப்பு. பாதுகாப்பாக உடைப்பதற்கென்று 2009-ல் பல நாடுகள் சேர்ந்து போட்ட ஹாங்காங் ஒப்பந்தம் 2025 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது. அது காகிதத்தோடு நிற்காமல் அந்தத் தம்பியின் கைவரை போய்ச் சேர வேண்டும் என்று மனதார வேண்டுகிறோம்.

பணம் தந்தவர்கள் பெயரும் வரவு செலவும் சமையற்கூடச் சுவரில் ஒட்டியிருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.