குழந்தைகள் தின இதழில் வந்த அந்த வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகள் தினச் சிறப்பிதழில் வந்த சர்க்கரை நோய்க் கட்டுரையைப் படித்தேன். இன்சுலின் ஊசியைத் தொடங்கினால் உடம்பு அதற்கு அடிமையாகிவிடும், சிறுவர்களுக்கு உணவுக் கட்டுப்பாடே போதும் என்று அதில் ஒரு வரி. அதைப் படித்த பிறகு அன்று எனக்குச் சமையலே ஓடவில்லை. பதினைந்து வருடமாக உங்கள் இதழை வாங்குகிறவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

என் மகளுக்கு வயது 13. ஏழு வயதிலிருந்து டைப் 1. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அவளுடைய நோய் எதிர்ப்பு சக்தியே அழித்துவிட்டது. நான் மிட்டாய் கொடுத்து வந்த நோயில்லை இது (சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது). நமக்கெல்லாம் சாப்பிட்டவுடன் தானாகச் சுரப்பதைத்தான் அவள் தினமும் நான்கு முறை தொடையிலும் வயிற்றிலும் குத்திக்கொள்கிறாள்.

உணவுக் கட்டுப்பாடு என்கிறீர்கள். 1922-க்கு முன்னால் டாக்டர்களிடம் இருந்ததே அது ஒன்றுதான். அந்த வருடம் ஜனவரியில் டொரான்டோவில் முதன்முதலாக இன்சுலின் போட்டுக்கொண்ட லியோனார்ட் தாம்சனுக்கு வயது 14, எடை சுமார் 30 கிலோ. பட்டினி வைத்தியம் அவனை அப்படி ஆக்கியிருந்தது. இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பான்டிங் பிறந்ததும் நவம்பர் 14-தான். அதனால்தான் அன்று உலக சர்க்கரை நோய் தினம். இது உங்களுக்குத் தெரியாததா? அந்த நாளுக்கான இதழிலேயே இப்படி ஒரு வரி வந்தது மனதை ரொம்பவே வருத்திவிட்டது.

இது முதல் முறையும் இல்லை. மகளுக்கு நோய் தெரிந்த வருடம் உங்கள் இதழில் ஒரு லேகிய விளம்பரம் வந்தது. ஊசி ஆரம்பித்த சில மாதங்களில், மிச்சமிருக்கும் செல்கள் கொஞ்ச காலத்துக்குத் தெம்பு பெற்று இன்சுலின் தேவை குறையும். டாக்டர்கள் அதை ‘ஹனிமூன்’ என்பார்கள். எனக்கு அப்போது அது தெரியாது. லேகியம் வேலை செய்கிறது என்று நம்பி ஊசியைக் குறைத்தேன், அப்புறம் நிறுத்தியே விட்டேன். ஒரு நாள் காலையில் அவள் வாயில் அழுகிய பழ வாடை. மூச்சு இரைத்தது, கண் சொருகியது. மூன்று நாள் ஐசியூ. நிறுத்தியது என் கைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கைக்குத் துணிச்சல் கொடுத்தது அச்சில் பார்த்த எழுத்து.

கை நடுக்கமும் வியர்வையும் பயத்தால் வருவது, மனதைத் திடப்படுத்தினால் போதும் என்றும் அதே கட்டுரை சொல்கிறது. போன மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு அவள் பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஃபேன் ஓடியும் தலையணை நனைந்திருந்தது. சர்க்கரை மீட்டரில் 48. எழுபதுக்குக் கீழே போனாலே ‘லோ’, அதாவது இன்சுலின் போடும் பிள்ளைகளுக்கு ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடுவது. நம் எடையில் மூளை நூற்றில் இரண்டு பங்கு, ஆனால் உடம்பின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே வேண்டும். ரத்தத்தில் குளுக்கோஸ் குறைந்ததும் மூளையின் ஹைப்போதலாமஸ் நரம்பு வழியாக அட்ரீனல் சுரப்பியை உசுப்புகிறது. அது விடும் அட்ரீனலின், ஈரலில் சேர்த்து வைத்த சர்க்கரையை வெளியே எடுக்க வைக்கிறது. படபடப்பும் நடுக்கமும் அந்த அட்ரீனலினால், வியர்வை அதே நரம்பு மண்டலத்தால். அடிக்கடி ‘லோ’ ஆகும் பிள்ளைகளுக்கு இந்த அறிகுறிகளே மங்கிப்போகும். அதற்குப் பயந்துதான் அலாரம் வைத்து எழுகிறேன். டம்ளரில் குளுக்கோஸ் கரைத்து, அவளைச் சாய்த்து உட்கார வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரம் கழித்து, “அம்மா, நாளைக்கு மேத்ஸ் டெஸ்ட்தானே?” என்றாள். அதற்கப்புறம்தான் எனக்கு உயிர் வந்தது.

அதே பிள்ளையை, வகுப்பில் மிட்டாயை வாயில் போட்டாள் என்று ஒரு டீச்சர் வெளியே நிற்க வைத்தார். இந்தப் பிள்ளைகள் பொதுத்தேர்வு அறைக்குள்ளேயே மிட்டாய் கொண்டுபோகலாம் என்று 2017-லேயே சிபிஎஸ்இ அனுமதித்துவிட்டது. ஒரு சாதாரண வகுப்புக்கு நான் போய் மன்றாட வேண்டியிருக்கிறது. அந்தப் பள்ளியின் ஆசிரியர் அறை மேசையில் உங்கள் இதழைப் பார்த்திருக்கிறேன் ஐயா. அதில் வருவதை அவர்கள் நம்புகிறார்கள்.

நான் கேட்பது நான்கு வரி. டைப் 1 வேறு, பெரும்பாலும் பெரியவர்களுக்கு வரும் டைப் 2 வேறு. டைப் 1 பிள்ளைகளுக்கு இன்சுலினை நிறுத்தவே கூடாது. வியர்த்து நடுங்கினால் உடனே சர்க்கரை கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். இதை அந்தக் கட்டுரை வந்த பக்கத்திலேயே, அதே எழுத்தளவில் போடுங்கள். வாசகர் கடிதப் பக்கத்தோடு முடித்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
திருச்சி.