மனையும் மனுவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகரங்களில் எளியோருக்கான வீடுகள் ஏன் எழும்புவதில்லை என்று தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, நிலத்தின் விலையையும் வங்கிக் கடனையும் பற்றியே பெரும்பாலும் பேசியிருந்தது. இராமேசுவரத்தில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருப்பவன் என்ற முறையில், பணத்துக்கு முன்பே வழிமறிக்கும் தடைகள் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

நகர்ப்புறத்தில் சொந்த மனையில் வீடு கட்டுவோருக்குப் பிரதமரின் வீட்டு வசதித் திட்டத்தில் மத்திய அரசு ஒன்றரை லட்சம் ரூபாய் தருகிறது. மாநிலப் பங்கு வேறு. ஊராட்சிகளில் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தின்கீழ் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் கிடைக்கிறது. எந்தத் திட்டமானாலும் முதலில் கேட்கப்படுவது பட்டா. கரையோரத்தில் மூன்று தலைமுறையாக வாழும் மீனவக் குடும்பத்திடம் வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு, குடும்ப அட்டை எல்லாம் இருக்கும். வீடு நிற்பது புறம்போக்கு என்பதால் பட்டா மட்டும் இராது.

அடுத்தது, கரையை ஒட்டி என்ன கட்டலாம், என்ன கூடாது என்று மத்திய அரசு வகுத்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. 1991-இல் பிறந்து 2011-இலும் 2019-இலும் மாற்றி எழுதப்பட்ட இந்த விதிகள் கடலைக் காக்க அவசியமானவையே. 1964-இல் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனதை அறிந்த ஊர் அதை மறுக்காது. ஆனால் புதிய கட்டுமானத்துக்குப் பொதுவாக இடமில்லாத 'வளர்ச்சியற்ற மண்டலம்' என்ற கரையோரப் பகுதிக்குள் இருக்கும் வீட்டைத் திருத்திக் கட்ட வேண்டுமானால், அது ஏற்கெனவே அனுமதி பெற்ற கட்டடமாக இருக்க வேண்டும் என்கிறது விதி. உப்புக்காற்றில் கம்பி துருவேறிக் கூரைக் காரை பெயர்ந்து விழும் வீட்டில் இருப்பவர், பட்டாவுக்கே வழியில்லாதபோது அந்த அனுமதியை எங்கிருந்து காட்டுவார்?

மூன்றாவது தடை நாங்கள்தாம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் நான்கு சென்ட் மனை வைத்திருந்த ஒருவர், இரண்டு மாடியுடன் ஆறு சிறு வீடுகள் கட்டிக் குறைந்த வாடகைக்கு விட முனைந்தார். தண்ணீர் போதாது, கழிவுநீர்த் தொட்டி நிரம்பி வழியும், யார் யாரோ குடிவருவார்கள் என்று தெருவே திரண்டு நகராட்சிக்கு மனு எழுதியது. அதில் நானும் கையெழுத்திட்டேன். 'யார் யாரோ' என்பதன் பொருள் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது: படகுக்குப் போகிறவர்கள், கருவாடு காய வைக்கிறவர்கள். மனைக்காரர் சலித்துப்போய், அதே இடத்தில் யாத்திரிகர் தங்கும் விடுதி கட்டிவிட்டார். விழா நாள்களில் அங்கே அடுத்தடுத்துத் தண்ணீர் லாரி வந்து நிற்கிறது. அதை எதிர்த்து இதுவரை ஒரு மனுவும் எழவில்லை. கட்டப்படாமல் போன அந்த ஆறு வீடுகளில் ஒன்றுக்கு முன்பணம் கொடுக்க வந்திருந்த மீனவர் இப்போது தங்கச்சிமடத்தில் குடியிருக்கிறார். கடலுக்குப் போகும் நாளில் விடியுமுன்பே வண்டி பிடித்துத் துறைக்கு வருகிறார்.

எனவே ஊருக்கு வெளியே தொகுப்பு வீடு கட்டித் தருகிறோம் என்பதும் விடையாகாது. வலையையும் இயந்திரத்தையும் கண்ணெதிரே வைத்திருக்க வேண்டிய தொழில் இது. நகராட்சி எல்லைக்குள் கடலுக்குச் சற்றுத் தள்ளியுள்ள அரசு நிலங்களைக் கணக்கெடுத்து, வீட்டு வரி ரசீதைக் குடியிருப்புச் சான்றாக ஏற்று, கரையோர மீனவக் குடும்பங்களுக்கு அங்கே மனைப்பட்டா வழங்க மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும். தெருவாசிகளின் ஆட்சேப மனுக்களைப் பொறுத்தவரை, விடுதிக்கு ஓர் அளவுகோலும் வாடகை வீட்டுக்கு இன்னோர் அளவுகோலும் கூடாது என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
இராமேசுவரம்.