கோப்பையில் இருந்த தேத்தண்ணீர்

அன்புள்ள மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "அப்பா, அந்த நிகழ்ச்சியை மட்டும் பார்க்காதேங்கோ, வெறும் குப்பை, எனக்கு வெட்கமா இருக்கும்" என்று சொன்னாய். சரி என்றேன். வியாழக்கிழமை இரவே அம்மாவும் நானும் மூன்று பாகத்தையும் பார்த்துவிட்டோம். கடைசியில் ஓடும் எழுத்துகளில் உன் பெயர் வரும் என்று அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர்களோ அந்த எழுத்துகளைச் சுருக்கி ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, மிச்ச இடத்தில் அடுத்த நிகழ்ச்சிக்கு விளம்பரம் போட்டார்கள். பின்னால் ஓட்டி, நிறுத்தி, டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று வாசித்தோம். 'எடிட்டர்' என்ற சொல்லுக்குக் கீழே நீ. அம்மா அதைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறார். மங்கல்தான், ஆனாலும் அழிக்க விடமாட்டார்.

உன் நிகழ்ச்சியைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில் இத்தனை வருடமாக உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது.

2009 ஜூலை மாதம். உனக்குப் பதினைந்து வயது. மே மாதத்தோடு ஊரில் யுத்தமும் எல்லாமும் முடிந்திருந்தது. ஏப்ரலில் இருந்து ஜூன் வரை யுத்தத்தை நிறுத்தச் சொல்லி லண்டன் பார்லிமென்ட் சதுக்கத்தில் போய் நின்றோமே, பள்ளிக்கூடம் முடிந்து நீயும் அம்மாவோடு வருவாய். அதற்குப் பிறகு நம் வீட்டில் ஒருவரும் சத்தமாகக் கதைக்கவில்லை. பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை இல்லாத நாட்களில் நான் ஒரு செய்தி முடிய அடுத்த செய்தி என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். அப்படி ஒரு இரவு குளித்துவிட்டு வருகிறேன். நீ சனல் 4ஐப் போட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருக்கிறாய். ஒரு மேசை, அதற்குப் பின்னால் கோபக்கார முகத்தோடு ஒரு மனிதன், பக்கத்தில் மூன்று விருந்தினர்கள். வேறு டிவி நிகழ்ச்சிகளில் இருந்து துண்டு துண்டாகக் காட்டி, ஒவ்வொன்றையும் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் றிமோட்டைப் பறித்து நிறுத்தினேன். "இந்த வீட்டில் இப்ப சிரிப்பு ஒரு கேடா?" என்று கத்தினேன். நீ ஒன்றும் சொல்லாமல் மேலே போய்விட்டாய்.

அது பிழை. அடுத்த நாள் காலையே எனக்கு விளங்கிவிட்டது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

அந்த நிகழ்ச்சியின் பெயர் எனக்குப் பழக்கமானது என்று உனக்குத் தெரியாது. 'யூ ஹாவ் பீன் வாட்சிங்.' நான் 1987இல் வந்து ஈஸ்ட்ஹாமில் ஐந்து பேரோடு ஒரு அறையில் இருந்தபோது, எங்களிடம் ஒரு கறுப்பு வெள்ளை டிவி இருந்தது. டிவி வைத்திருக்கக் கட்டுகிற லைசென்ஸ் காசு கறுப்பு வெள்ளைக்குக் குறைவு, அதுதான் காரணம். அதில் 'டாட்ஸ் ஆர்மி'யைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் இங்கே ஊர்க்காவலுக்கு நின்ற கிழவர்களின் கதை. முடியும்போது இந்த வரியைப் போட்டு, நடிகர்களை ஒவ்வொருவராகக் காட்டுவார்கள். இதுவரை நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது இவர்களைத்தான் என்று ஒரு மரியாதை. டேவிட் குரொஃப்ட் எழுதித் தயாரித்த நாடகங்களுக்கே உரிய முத்திரை அது. நான் அதை இங்கிலிஷ் இலக்கணத்துக்கு உதாரணமாகக் கொப்பியில் எழுதி மனப்பாடம் செய்தேன். பாதி நகைச்சுவை விளங்காது. கடைசி வரி மட்டும் முழுதாக விளங்கும்.

அந்த மரியாதையான வரியை எடுத்துத் தன் நக்கல் நிகழ்ச்சிக்குப் பெயராக வைத்தவன் யார் என்று பார்க்கத்தான் அடுத்த கிழமை நீ தூங்கிய பிறகு தனியாக அதைப் போட்டேன். சத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான். சார்லி புரூக்கர். 2000ஆம் ஆண்டில் இருந்து கார்டியன் பத்திரிகையில் டிவி விமர்சனம் எழுதியவர். 2008இல்தான், ஆட்களை ஒரு வீட்டுக்குள் அடைத்து வைத்துப் படம் பிடிக்கிற, சனல் 4 பெருமையாக நடத்திக்கொண்டிருந்த 'பிக் பிரதர்' வீட்டுக்குள் பிணங்கள் எழுந்து வந்து ஆட்களைக் கடிப்பதாக ஒரு நாடகம் எழுதியிருந்தார். அதைப் போட்டதும் சனல் 4இன் சொந்தத் தங்கச்சிச் சனல்தான்! உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தேன். இந்த மனிதன் இவ்வளவு திட்டுவதற்கு எவ்வளவு பார்த்திருக்க வேண்டும்! வெறுக்கிற ஒருவனால் இத்தனை ஆயிரம் மணித்தியாலம் ஒரு பெட்டிக்கு முன்னால் இருக்க முடியாது.

எனக்குக் கடைசிவரை பிடிபடாமல் போனது புள்ளி விஷயம். இப்படிப் பகிடிக்காரர்கள் குழுவாக இருந்து கேள்விக்குப் பதில் சொல்கிற எந்த நிகழ்ச்சியைப் பார்த்தாலும் முடிவில் "யார் வென்றது?" என்று உன்னைக் கேட்பேன். "அப்பா, அது முக்கியமில்லை" என்பாய். கேள்வி கேட்கிறார்கள், பதில் சொல்கிறார்கள், புள்ளி போடுகிறார்கள், ஆனால் புள்ளிக்கு ஒரு பெறுமதியும் இல்லை. கேள்வி என்பது பகிடி விடுவதற்கு ஒரு சாட்டு. அரை மணி நேர நிகழ்ச்சிக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக எடுத்து, நல்லதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டி எறிகிறார்கள் என்று நீதான் பிறகு சொன்னாய். புள்ளிக்கணக்கும் வெட்டுப்படும் என்றாய். ஒரு புள்ளி குறைந்ததால் கம்பஸ் போக முடியாமல் போன ஒருவனிடம் இதைச் சொன்னால் எப்படி ஏறும்?

ஆனால் பகிடியின் பலம் எனக்கு அதற்கு முன்பே தெரியும். 1993இல், 'ஹாவ் ஐ கொட் நியூஸ் ஃபோர் யூ' என்ற செய்திப் பகிடி நிகழ்ச்சிக்கு வருவதாகச் சொன்ன ரோய் ஹட்டர்ஸ்லி கடைசி நேரத்தில் வரவில்லை. தொழிற்கட்சியின் துணைத் தலைவராக இருந்தவர். அவருடைய கதிரைக்கு முன்னால் பன்றிக்கொழுப்பு டப்பா ஒன்றை வைத்து, அதையே விருந்தினராகக் கணக்கில் எடுத்து நிகழ்ச்சியை நடத்தி முடித்தார்கள். அறையில் இருந்த நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அடுத்த நாள் யாரும் கைதாகவில்லை. நாங்கள் வந்த நாட்டில் என்ன நடந்திருக்கும் என்று உனக்கு எழுதிக் காட்டத் தேவையில்லை.

புரூக்கருக்கு வருகிறேன். 2009இலேயே பிபிசி 4இல் அவர் 'நியூஸ்வைப்' என்று ஒன்று தொடங்கியிருந்தார். செய்தியைப் பகிடி பண்ணுகிற நிகழ்ச்சி. அடுத்த வருடத் தொடக்கத்தில் அதில் ஒரு துண்டு வந்தது. செய்தியாளர் கமராவை நோக்கி நடந்து வருவார், கையை ஆட்டுவார், தெருவில் போகிற ஒருவரிடம் கருத்துக் கேட்பார். எல்லாச் செய்தியும் இந்த ஒரே அச்சில்தான் வார்க்கப்படுகிறது என்று அந்தச் செய்தியாகவே நடித்துக் காட்டினார். நீ சிரித்தாய். இந்த முறை நானும் சிரித்தேன். முந்தைய வருடம் மாதக்கணக்காக எங்கள் செய்தி வருமா வருமா என்று காத்திருந்து, வந்த முப்பது விநாடியும் அதே அச்சில் வந்ததை நினைத்துச் சிரித்தேனா என்று சொல்லத் தெரியவில்லை.

ஆனால் சனல் 4ஐப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன். நான் றிமோட்டைப் பறித்த அடுத்த மாதம், ஆகஸ்ட் 25, அவர்களுடைய இரவுச் செய்தியில்தான் ஊரில் கைதிகளைச் சுடுகிற அந்தக் காணொளியைக் காட்டினார்கள். கைகள் பின்னால் கட்டப்பட்ட பிள்ளைகள். நீ மேலேயிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் இருந்தாய். ஒன்றும் கதைக்கவில்லை. பிக் பிரதரும், அதைக் கிழிக்கிற பகிடியும், இதுவும் ஒரே சனலில். அன்றைக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன்.

நீ டிவி வேலைக்குத்தான் போவேன் என்றபோது அம்மா மூன்று நாள் அழுதது உனக்கு நினைவிருக்கும். இப்போது அவருக்கு ரொமேஷ் ரங்கநாதன் என்றால் உயிர். கணக்கு வாத்தியார் வேலையை விட்டுவிட்டுப் பகிடிக்காரனாகப் போன தமிழ்ப் பிள்ளையை, அதுவும் தாயையும் டிவியில் கொண்டுவந்து இருத்திய பிள்ளையை, அவர் ஒரு காலத்தில் எப்படித் திட்டியிருப்பார்! இப்போது "அந்தத் தாய் குடுத்து வைச்சவ" என்கிறார். உன்னைப் பார்த்துத்தான் அதைச் சொல்கிறார், நீதான் தூரத்தில், சல்போர்டில் இருக்கிறாய்.

சரி, உன் நிகழ்ச்சி. குப்பை என்றாய். முழுக்கக் குப்பை இல்லை, இரண்டாம் பாகம் இழுவை. டிவியையே பகிடி பண்ணுகிற புரூக்கரின் 'ஸ்கிரீன்வைப்' நிகழ்ச்சியில், ஒருவரின் முகத்தை வேறொரு நேரத்தில் எடுத்து, வேறொரு கதைக்குப் பதிலாக ஒட்டுவது எப்படி என்று காட்டினதை நீ நிறுத்தி நிறுத்தி எனக்கு விளங்கப்படுத்தினாய். அது வீண் போகவில்லை, பிள்ளை. சமையலறைச் சண்டையில், பச்சைச் சட்டைக்காரி "நான் ஒண்டும் சொல்லேல்லையே" என்ற மாதிரி ஏதோ சொல்கிறாள். உடனே மற்றவள் முகத்தைச் சுளிக்கிறாள். சண்டை முழுக்க அவளுடைய கோப்பையில் தேத்தண்ணீர் பாதிதான். முகத்தைச் சுளிக்கும்போது மட்டும் விளிம்பு வரை நிற்கிறது.

அது நீ ஒட்டின துண்டு. இல்லையென்று சொல்லாதே.

உண்மையில் அவள் எதைப் பார்த்து முகம் சுளித்தாள்? தேத்தண்ணீரில் சீனி கூடிவிட்டது என்கிறார் அம்மா. வேறு யாரோ கதவைத் திறந்துகொண்டு வந்திருக்க வேண்டும் என்கிறேன் நான். ஐந்து பவுண்ட் பந்தயம். ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும்போது சொல்லு.

அன்புடன்,
அப்பா