ஸ்லாட்டியிலேயே கட்டு

அம்பாசமுத்திரம்,
ஐப்பசி கடைசி.

அன்புள்ள ராசாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

வாட்ஸ்அப்பில் கேட்டால் நீ பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிடுகிறாய். அதனால் தாளில் எழுதி, அதைப் படம் எடுத்து மெயிலில் அனுப்ப அக்கா மகனிடம் சொல்லியிருக்கிறேன். பொறுமையாக முழுசும் படி.

விஷயம் கார்டு பற்றியது. நீ கிராகோவுக்குக் கிளம்பும்போது என் கிரெடிட் கார்டோடு சேர்த்து ஆட்-ஆன் கார்டு ஒன்று வாங்கி உன் கையில் கொடுத்தேனே, அதுதான். ஆத்திர அவசரத்துக்கு என்று கொடுத்தது. இத்தனை காலம் நீ அதைத் தொட்டதே இல்லை. "அம்மா கார்டு பெட்டியிலேயே கிடக்கு" என்று நீ சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும் தெரியுமா? சித்தியிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். புரட்டாசியிலிருந்து அந்தக் கார்டில் செலவு வருகிறது. வரட்டும். பில் என் பேரில் வருகிறது என்பதற்காக நான் கணக்குக் கேட்கிறேன் என்று நினைக்காதே. நான் கேட்பது வேறு. பணம் கட்டும்போது அந்த மெஷினில் நீ எதை அமுக்குகிறாய்?

உன் செலவு ஒவ்வொன்றுக்கும் என் போனுக்கு எஸ்எம்எஸ் வரும். சிலது 46 ஸ்லாட்டி, 120 ஸ்லாட்டி என்று போலந்துப் பணத்தில் வருகிறது. அது சரி. சிலது நேராக ரூபாயில் வருகிறது. போலந்துக் கடையில் ரொட்டி வாங்கினால் எனக்கு எதற்கு ரூபாயில் கணக்கு வரவேண்டும்? தபால் ஆபீஸ் கவுண்டரில் ஆயுசைக் கழித்தவளுக்கு இது கண்ணில் படாமல் போகாது. பில் வந்ததும் எடுத்துக்கொண்டு பேங்கில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்த பிள்ளை பொறுமையாக விளக்கிச் சொன்னது.

உன் கார்டு இந்தியக் கார்டு என்பது மெஷினுக்குள் போனதுமே அதற்குத் தெரிந்துவிடும். உடனே இரண்டு தொகையைக் காட்டி, ஸ்லாட்டியில் கட்டுகிறாயா, ரூபாயில் கட்டுகிறாயா என்று கேட்கும். ரூபாயைப் பார்த்ததும் நமக்குத் தெரிந்த பணம் என்று மனசு அங்கே போகும். அதை அமுக்கினால் மாற்று விலையைப் போடுவது நம் பேங்க் இல்லை, கார்டு கம்பெனிகளான விசாவோ மாஸ்டர்கார்டோ இல்லை. அந்தக் கடைக்கு மெஷின் கொடுத்திருக்கும் கம்பெனிக்காரன் தன் இஷ்டத்துக்கு ஒரு விலை போடுவான். அதில் வரும் லாபத்தில் கடைக்காரனுக்கும் பங்கு உண்டு. இதற்கு டைனமிக் கரன்சி கன்வெர்ஷன், சுருக்கமாக டிசிசி என்று பேர்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். விசா போடும் விலைக்கு 10,000 ரூபாய் வரும் சாமானை வாங்குகிறாய் என்று வை. ஸ்லாட்டியில் கட்டினால் நம் பேங்க் மாற்றுக் கட்டணமாக மூன்றரை சதவீதம் எடுக்கும், 350 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 63 ரூபாய். மொத்தம் 10,413. அதே சாமானை ரூபாயில் கட்டினால், கடைக்காரன் மெஷின் ஆறு சதவீதம் ஏற்றிப் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள், அங்கேயே 10,600 ஆகிவிட்டது. ரூபாயில்தானே கட்டினோம், இனி நம் பேங்க் ஒன்றும் எடுக்காது என்றுதான் நானும் நினைத்தேன். அப்படி இல்லை. வெளிநாட்டில் ரூபாயில் கட்டினாலும் நம்முடையது உட்படப் பல பேங்குகள் ஒரு சதவீதம் எடுக்கின்றன. அதற்கும் ஜிஎஸ்டி. ஆக 10,725. ஒரு தடவைக்கு முந்நூற்றுச் சொச்சம் ரூபாய் சும்மா போகிறது. ஆறு சதவீதம் என்பது நான் உதாரணத்துக்குப் போட்டது. ஊர் சுற்ற வருகிறவர்கள் நடமாடும் இடத்தில் அதைவிட அதிகமாகவும் ஏற்றுவார்களாம்.

ரூபாயில் கட்டுவதில் ஒரே ஒரு நல்லது, எவ்வளவு போகும் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிடும். ஸ்லாட்டியில் கட்டினால் ஒன்றிரண்டு நாள் கழித்துக் கணக்கில் ஏறும்போது கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். அதற்காக முந்நூறு ரூபாய் கொடுக்க வேண்டுமா? விசா, மாஸ்டர்கார்டு இரண்டு பேரும் தினசரி விலையைத் தங்கள் இணையதளத்தில் போடுகிறார்கள். அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அதனால் எந்தக் கடையாக இருந்தாலும் ஸ்லாட்டியிலேயே கட்டு. கடைக்காரப் பெண் உன்னைக் கேட்காமல் தானே அமுக்கிவிட்டால் சும்மா வராதே. கேட்டுத்தான் செய்யவேண்டும் என்பது கார்டு கம்பெனிகளின் விதி. அங்கேயே நின்று, அதை ரத்து செய்துவிட்டு ஸ்லாட்டியில் போடச் சொல்லு. உனக்குத்தான் அந்தப் பாஷை நாலு வார்த்தை வருமே. கூச்சப்படாதே. சின்ன வயசில் மிட்டாய்க் கடையில் பாக்கிச் சில்லறையைக் கேட்கக்கூட வெட்கப்பட்டு என்னிடம் ஓடி வருவாய். அந்தக் குணம் இன்னும் உனக்குப் போகவில்லை. பில்லைக் கிழித்துப் போடாதே. மாற்று விலையும் ஏற்றின சதவீதமும் அதில் அச்சாகியிருக்கும். பேங்கில் புகார் கொடுக்க அது வேண்டும்.

ஏடிஎம் என்றால் இன்னும் கவனம். மெஷின் ஒரு விலையைக் காட்டி, மாற்றத்தை ஏற்கிறாயா, மறுக்கிறாயா என்று கேட்கும். மறுத்தால் பணமே வராதோ என்று பயந்து எல்லாரும் ஏற்றுக்கொள்வார்களாம். மறுத்தாலும் பணம் வரும். ஆனால் இந்தக் கார்டில் ரொக்கம் எடுக்கவே வேண்டாம். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் தனிக் கட்டணம், எடுத்த நாளிலிருந்தே வட்டி. ரொக்கம் வேண்டுமென்றால் உன் சம்பளக் கணக்குக் கார்டில் எடு. அது ஸ்லாட்டிக் கணக்குதானே, மாற்று என்ற பேச்சே வராது.

சம்பளக் கார்டு இருக்கும்போது இந்தக் கார்டு எதற்கு என்று அப்பா கேட்டார். அங்கே இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்வார்கள் என்று நான் சொல்லிவிட்டேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. நதியுண்ணிக் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது, பிசான நெல் சாகுபடிக்கு நாற்றங்கால் வேலை, அதில் இருக்கிறார். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. அக்கா தீபாவளிக்கு வந்துவிட்டுப் போனாள். செல்வி விஷயம் நல்லபடியாக முடிந்துவிட்டது, அதை நேரில் பேசிக்கொள்ளலாம். ஆச்சி உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

விமான டிக்கெட், ஆன்லைன் சாமான் இதிலும் இதே கதைதான். இந்தியக் கார்டு என்றதும் பணம் கட்டும் பக்கம் தானாகவே ரூபாய்க்கு மாறி நிற்கும். பேபாலும் அப்படித்தான், விற்கிறவன் எந்தப் பணத்தில் விலை போட்டிருக்கிறானோ அதில் கட்டுகிறேன் என்று நீதான் தேடிப்பிடித்து மாற்றவேண்டும். ஹோட்டலில் தங்கினால், முதலில் கார்டை வாங்கி வைத்துக்கொண்டு கிளம்பும்போது ரூபாயில் போட்டுவிடுவார்கள். அறை எடுக்கும்போதே ஸ்லாட்டி என்று சொல்லி வை. ஆனால் இந்த இரண்டு மாச பில்லில் டிக்கெட்டும் இல்லை, ஹோட்டலும் இல்லை. அரிசி, ரொட்டி, டிராம், அப்புறம் இரண்டு தடவை 'அப்டேகா'. அக்கா மகன் தேடிப் பார்த்து மருந்துக்கடை என்றான். யாருக்கு மருந்து?

எஸ்எம்எஸ்ஸில் மணியும் வரும். செவ்வாய், புதன் கிழமைகளில் மத்தியானம் மூன்றரை மணி வாக்கில் காய்கறிக் கடைச் செலவு வருகிறது. அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊரில் கடிகாரத்தை மாற்றிவிட்டார்கள், இப்போது நாலரை மணி நேரம் வித்தியாசம். அப்படியென்றால் உனக்கு அது காலை பதினொரு மணி. ஆபீஸ் இருக்கும் பிள்ளை பதினொரு மணிக்குக் காய்கறிக் கடையில் என்ன செய்யும்? லீவாக இருக்கும் என்று ஒரு நாள் நினைத்தேன். எல்லாச் செவ்வாயும் லீவு வருமா?

மேலவீட்டு மாடிக் கடனை ஒரு பைசா பாக்கி இல்லாமல் அடைத்தவன் நீ. அக்கா கல்யாணத்தில் அத்தான் வீட்டார் முன்னால் நாங்கள் தலை நிமிர்ந்து நின்றது உன்னால்தான். உன்னிடம் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. வேலை போயிருந்தால் போகட்டும். இன்னொன்று வரும். ஆனால் அங்கே தங்குவதற்கான விசா விஷயம் என்ன ஆகும், எத்தனை நாள் இருக்கலாம் என்பதையெல்லாம் தெரிந்து வைத்திருக்கிறாயா? திரும்பி வரவேண்டி வந்தால் வா. வீடு இருக்கிறது. ஊர் என்ன சொல்லும் என்று நீ அங்கே தனியாக உட்கார்ந்து வேகவேண்டாம். நீ சொல்லாமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்த மாச பில்லை முழுசாகக் கட்டிவிட்டேன். குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிவிட்டு மிச்சத்துக்கு வட்டி ஏற விடும் பழக்கம் எனக்கு இல்லை. பென்ஷன் வந்துகொண்டுதான் இருக்கிறது. வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆப்பில் திறந்தே வைத்திருக்கிறேன், வரம்பையும் கொஞ்சம் ஏற்றியிருக்கிறேன். வயிற்றுக்கு வஞ்சகம் செய்யாதே. மருந்து வேண்டுமென்றால் வாங்கு. வாங்குவதை ஸ்லாட்டியில் வாங்கு.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அப்பா ராத்திரி ஒன்பதுக்குப் படுத்துவிடுவார், நான் பத்தரை வரை முழித்திருப்பேன், உனக்கு அது சாயங்காலம் ஆறு மணி. அவர் இருக்கும்போது பேச முடியாதென்றால் பகலில் கூப்பிடு. மூன்று மணிக்கு அவர் வயலில்தான் இருப்பார்.

அன்புடன்
அம்மா