கழலாத மேகசின் பற்றி மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

ரோந்து முடிந்து ஆயுதத்தைக் கோத்தில், அதாவது ஆயுதக் கிடங்கில், ஒப்படைக்கும் நேரத்தில் உன் ஏகே துப்பாக்கியிலிருந்து தோட்டாக்கூடான மேகசின் கழலவில்லை என்றும், உடனிருந்தவர் உள்ளங்கையால் ஓங்கித் தட்டியதும் வந்துவிட்டது என்றும் தொலைபேசியில் சொன்னாய். தட்டியதால் மேகசின் வந்ததே தவிர, அது இறுகியதற்கான காரணம் அங்கேயேதான் இருக்கிறது. பல ஆண்டுகள் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரராகப் பணியாற்றியவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

மேகசின் கழலாத துப்பாக்கியை லோடான துப்பாக்கியாகவே கருத வேண்டும். மேகசினில் தோட்டா இருக்கும் வரை, நீ காக் செய்யும்போது, அதாவது காக்கிங் ஹேண்டிலைப் பின்னுக்கு இழுத்து விடும்போது, ஒரு ரவுண்டு வெளியே விழுந்தாலும் அடுத்தது குழலின் பின்முனையில் உள்ள சேம்பருக்குள் ஏறிவிடும். ஆகவே குழல் மணல்மூட்டையை நோக்கி இருக்கிறதா, சேஃப்டி மேலே, பூட்டிய நிலையில் இருக்கிறதா, விரல் ட்ரிகருக்கு வெளியே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்ட பிறகே மேகசினில் கை வைக்க வேண்டும்.

எம்-16 வகைத் துப்பாக்கிகளில் பொத்தானை அழுத்தினால் மேகசின் நேராகக் கீழே இறங்கும்; ஏகேயில் அப்படி இறங்காது. மேகசினின் முன்பக்க மூக்கு துப்பாக்கியின் உடலான ரிசீவரின் விளிம்பில் மாட்டியிருக்க, பின்பக்கப் பல்லை ட்ரிகர் கார்டுக்கு முன்னால் உள்ள கேட்ச் என்ற பிடி, ஸ்பிரிங் விசையோடு பிடித்திருக்கிறது. கேட்சை முழுவதுமாக முன்னோக்கி அழுத்தி, கீலில் கதவு திரும்புவதைப் போல மேகசினின் அடியைக் குழல் பக்கமாகச் சுழற்றினால்தான் அது விடுபடும். அவசரத்தில் நேராகக் கீழே இழுப்பவர்கள், தங்களை அறியாமலேயே பல்லைக் கேட்சின் மீது இன்னும் அழுத்துகிறார்கள். முப்பது ரவுண்டும் நிரம்பிய மேகசின் மாட்டியிருக்க, தோட்டாவைச் சேம்பருக்குள் தள்ளி அடைக்கும் போல்ட் மூடிய நிலையில் இருந்தால், மேல் தோட்டாவைப் போல்ட் கீழே நெருக்குவதால் இதே அழுத்தம் தானாகவே உண்டாகும். அப்போது மேகசினைச் சற்றே மேல்நோக்கித் தாங்கிக்கொண்டு கேட்சை அழுத்திப் பார். பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும்.

அப்படியும் இறுகினால், குறை துப்பாக்கியிலா மேகசினிலா என்று பிரித்தறிய வேண்டும். தோட்டா இல்லாத அதே மேகசினை வேறொரு துப்பாக்கியிலும், வேறொரு காலி மேகசினை உன் துப்பாக்கியிலும் மாட்டிக் கழற்றிப் பார். மேகசின் போகுமிடமெல்லாம் இறுகினால் அதன் தகரம் நசுங்கியிருக்கும், அல்லது பல்லில் பிசிர் எழும்பியிருக்கும். உன் துப்பாக்கியில் எல்லா மேகசினும் இறுகினால் கேட்சின் அடியில் சேறோ காய்ந்த எண்ணெயோ அடைத்திருக்கும். காலியாக எளிதில் வந்து, நிரப்பினால் மட்டும் இறுகுவது என்றால் தோட்டாவைப் பிடித்திருக்கும் மேல் உதடுகளைப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் உரசுகிறது என்று கண்ணுக்குத் தெரியாதபோது, நாங்கள் மெழுகுவத்திப் புகையைப் பல்லின் மீதும் மூக்கின் மீதும் படியவிட்டு, மாட்டிக் கழற்றிப் பார்ப்போம். கரி அழிந்த இடமே உரசும் இடம்.

இன்னொரு வகைச் சிக்கலும் உண்டு. தோட்டா பாதி சேம்பரிலும் பாதி மேகசினிலுமாகச் சிக்கி, அதைப் போல்ட் நெருக்கிக்கொண்டிருந்தால், எவ்வளவு தட்டினாலும் மேகசின் வராது. ஏகேயில் போல்ட் தானாகப் பின்னால் நிற்காது என்பதால், சேஃப்டியைக் கீழே இறக்கி, ஒருவர் காக்கிங் ஹேண்டிலைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்திருக்க, மற்றவர் மேகசினைக் கழற்ற வேண்டும். சேஃப்டி இறங்கியிருக்கும் அந்தச் சில நொடிகளில் குழலின் திசையை இருவருமே கவனிக்க வேண்டும்.

சுத்தம் செய்யும்போது மேகசினுக்குள் எண்ணெய் ஊற்றாதே. எண்ணெய் புழுதியைச் சேர்த்துக் குழம்பாக்கும், தோட்டாவின் அடியில் தீ மூட்டும் ப்ரைமருக்குள் கசிந்தால் தோட்டா வெடிக்காமலும் போகலாம். அடித்தகட்டைக் கழற்றி, ஸ்பிரிங் எகிறாதபடி கட்டைவிரலால் தாங்கி எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். பிசிர் இருப்பது தெரிந்தாலும் நீயாக அரத்தை எடுக்க வேண்டாம். பல் ஒரு மயிரிழை கூடுதலாகத் தேய்ந்துவிட்டால், அதன் பிறகு கழலாத மேகசினுக்குப் பதிலாக, ஓடும்போது தானாகக் கழன்று விழும் மேகசின்தான் உன் கையில் இருக்கும்.

அந்த மேகசினில் பெயின்டால் ஓர் அடையாளம் இட்டு, உங்கள் ஆர்மரரிடம் எழுத்து மூலமாகவே ஒப்படைத்துவிடு. வாயால் மட்டும் சொன்னால் அது மறுபடியும் குவியலில் சேர்ந்து, வேறொரு பிள்ளையின் கைக்குப் போய்விடும். சோதனையில் குறை எந்தப் பக்கம் என்று தெரிந்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா