ஆலமரத்தடியில் பேசும் முறை

ஆசிரியருக்கு வணக்கம்.

பணி ஓய்வுக்குப் பின், யாரும் எழுதவும் திருத்தவும் கூடிய இணையக் கலைக்களஞ்சியமான தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதி வருகிறேன். 2003-இல் தொடங்கிய அந்தத் தளத்தில் எல்லோரும் கூடிப் பேசும் பக்கத்துக்குப் பெயரே 'ஆலமரத்தடி'தான். ஊர் மரத்தடியைப் போலவே அங்கும் எழுதிவைக்காத வழக்கங்கள் உண்டு. எனக்கு அவை பட்டுத்தான் தெரிந்தன.

சேர்ந்த முதல் வாரம், எங்கள் ஊர்க் குளம் பற்றி வேறொருவர் எழுதியிருந்த பத்தியை அப்படியே அழித்துவிட்டு என்னுடையதை ஒட்டினேன். பத்தே நிமிடத்தில் பழையது திரும்பி வந்தது. மறுபடி அழித்தேன், மறுபடி வந்தது. கடுகடுப்போடு, கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் 'உரையாடல்' பக்கத்தைத் திறந்தால், "ஐயா, சான்று இருந்தால் கொடுங்கள், சேர்த்தே எழுதலாம்" என்றிருந்தது. எழுதியவருக்கு என் பேரன் வயதுதான் இருக்கும். நான் பதிலுக்குக் கொட்டித் தீர்த்ததில் கையொப்பம்கூட இல்லை. நான்கு அலைக்குறி (~~~~) இட்டால் பெயரும் நேரமும் தானாக விழும் என்பது அப்போது தெரியாது. அதையும் அவரே போட்டுவைத்தார். முப்பது வருடம் வகுப்பில் பிறரைத் திருத்தியவன் நான்!

கல்லூரிகளில் நடக்கும் விக்கிப் பயிலரங்குகளில் தட்டச்சும் படமேற்றலும் சொல்லித் தருகிறார்கள். அழிக்கும் முன் கேட்பது எப்படி என்பதற்கும் அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருவாரூர்